இடுப்பளவு சேறு

அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஸ்கூட்டரில் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. "இதுங்க ரெண்டும் அடிச்சுக்கிட்டாத்தானே நமக்குப் பொழுது போகும்!" என்று எதிர்வீட்டுக்காரி வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அடித்துக்கொள்ளாமல் இல்லை. குளியலறையில் தலைமுடியை விட்டுவிட்டு வருவது யார், பால் பாத்திரத்தைக் காயவிட்டது யார் என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஆனால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டால் இருவரும் ஒரு கட்சி.

அண்ணிக்கு ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷின், ஒரு கலர் பிரிண்டர், சுவரோரமாகக் கூரைவரை பேப்பர் பண்டல். பருத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. நாளெல்லாம் நிற்கிற வேலை. நாத்தனார் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். முப்பத்தைந்து தாண்டியும் சின்னவள்தான்.

கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். வீட்டில் தனியாக விட பயந்து அண்ணி அவளைக் கடைக்கு இழுத்துப்போய் ஒரு ஓரமாக உட்கார வைத்துக்கொண்டாள். அப்படி ஒருநாள், மருந்துக்கடை நடத்துகிற ஒருவர் தான் எடுத்த பறவைப் படங்களை கலர் பிரிண்ட் போட வந்தார். மெஷினிலிருந்து ஒரு வாத்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், "அண்ணி, இது எங்க அண்ணன் மாதிரியே முறைக்குதுல்ல?" என்றாள்.

அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு கூட்டத்தை ஏரி, குளம் என்று பறவை பார்க்க அழைத்துப் போவார். "நீங்களும் வாங்களேன்" என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிறே இருவரும் போய் நின்றார்கள். பிறகு ஞாயிறு மட்டும் போதவில்லை. கூட்டமில்லாமல் தாங்களாகவே போக ஆரம்பித்தார்கள்.

வாத்து மாதிரி முறைக்கிற அந்த அண்ணன், அதாவது அண்ணியின் கணவன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது. "தண்ணிக் கரையில பொம்பளைங்க ரெண்டு பேருக்கு என்ன வேலை? கால் வழுக்குனா யாரு வந்து தூக்குவா?" என்பான். அதனால் வாரநாளில் போவதாக இருந்தால் ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அன்றைக்குச் சொன்ன பொய், மொத்தக் கடையில் பேப்பர் பண்டல் வாங்கப் போகிறோம் என்பது.

போனது கழிமுகத்துக்கு. ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் வற்றியிருக்கும்போது கண்ணுக்கெட்டியவரை சாம்பல் நிறத்தில் பளபளவென்று சேறு. ஓதம் ஏறிக் கடல்தண்ணீர் உள்ளே வர வர, சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான் பறவைகள் பின்வாங்கிக் கரையோரம் ஒதுங்கும். பார்க்கத் தோதான நேரம் அதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். கரையில் பறவை பார்ப்பவர்கள் மறைந்து நிற்கப் பலகைத் தட்டி ஒன்று உண்டு. பக்கத்தில் துருப்பிடித்த தகரப் பலகை: ஆழமான சேறு, இறங்காதீர்கள்.

சின்னவள் முக்காலியில் டெலஸ்கோப்பைப் பொருத்திப் பார்த்தவள் திடீரென்று மூச்சை இழுத்தாள். "அண்ணி! ஒண்ணு காலுல கொடி கட்டியிருக்கு!"

பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சில உள்ளான்களைப் பிடித்து, காலில் எழுத்து போட்ட சின்ன பிளாஸ்டிக் கொடி மாட்டிப் பறக்க விடுவார்கள். அந்த எழுத்தைப் படித்துச் சொன்னால், எந்த தேசத்தில் மாட்டியது, எத்தனை கடல் தாண்டி வந்தது என்று தெரிந்துவிடும் என மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சின்னவளுக்கு அது ஒரு பைத்தியம். எத்தனையோ தடவை கொடியைப் பார்த்தாகிவிட்டது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை.

"என்ன எழுத்து?"

"கானல்ல ஆடுது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா படிச்சிடலாம்."

"போர்டைப் படிச்சியா முதல்ல?"

"ஓரத்துல கெட்டியா இருக்கு அண்ணி. நேத்து யாரோ நடந்த தடம்கூட இருக்கு பாருங்க."

அண்ணி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுத்து என்ன என்று அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது.

தடம் இருந்த வரைக்கும் கெட்டியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் சின்னவள் கொஞ்ச தூரம் லேசாகத் தத்தித் தத்திப் போனாள். வலது கால் கணுக்கால்வரை இறங்கியது. அதை இழுக்க இடது காலை ஊன்றினாள். அது முழங்கால்வரை போயிற்று. "ஐயே!" என்று சிரித்தாள். கரையைப் பார்த்துத் திரும்ப முயன்றாள். திரும்பியது இடுப்புக்கு மேலேதான். ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு தொடையும் உள்ளே போய்விட்டன. சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணி, வரமாட்டேங்குது."

"ஷூவை விட்டுட்டுக் காலை மட்டும் எடு!"

"ஷூ எங்க இருக்குன்னே தெரியல. யாரோ கீழேருந்து புடிச்சிட்டிருக்கிற மாதிரி இருக்கு."

அண்ணி டீயைப் போட்டுவிட்டு ஓடினாள். சேற்றில் கால் வைத்ததும் முழங்கால்வரை போயிற்று. "வராதீங்க! நீங்களும் மாட்டுனா யாரு இருக்கா!" என்று சின்னவள் கத்தினாள். அண்ணி புல்லைப் பிடித்துத் தொங்கிக் கரையேறினாள். செருப்பு போனது போனதுதான்.

போனை எடுத்து முதலில் கணவனை அழைத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பஸ் ஓட்டும்போது அவன் போனை எடுக்கமாட்டான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. பிறகு அவசர எண்.

"எந்த இடம்மா? தெரு பேர் சொல்லுங்க."

"தெரு இல்லைங்க, சேறு! ஆறு கடல்ல சேர்ற இடம். எங்க வீட்டுப் பொண்ணு புதைஞ்சிட்டிருக்கா."

"வடகரையா, தென்கரையா?"

அண்ணிக்கு அந்த நேரத்தில் வடக்கும் தெரியவில்லை, தெற்கும் தெரியவில்லை. "தண்ணியப் பாத்து நிக்கிறேன். சூரியன் இடது கைப் பக்கம் இருக்கு. பறவை பாக்குற தட்டி இருக்கிற கரைன்னு சொல்லுங்க, தெரியும்."

"பதறாதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. நீங்க இறங்காதீங்க."

இறங்காமல் எப்படி இருப்பது? சின்னவளைச் சுற்றி நண்டு வளைகளில் கொப்புளம் விட ஆரம்பித்திருந்தது. சேற்றின் மேல் கண்ணாடி விரித்தாற்போல் மெல்லிய தண்ணீர் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது. வேகமாக வந்தால்கூட பரவாயில்லை போலிருந்தது. அது அவசரமே இல்லாமல் வந்தது.

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணில் பட்டது அந்தத் தகரப் பலகைதான். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். துருப்பிடித்த போல்ட்டு ஒன்று தெறித்தது, மற்றது பிடிவாதமாக நின்றது. உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்கினாள். வாழ்நாளெல்லாம் கேலிக்கு ஆளான அந்தக் கனம் அன்றைக்கு உதவியது. பலகை கையோடு வந்தது, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டே வந்தது. அடுத்துத் தட்டியின் பலகைகள். காலால் உதைத்து மூன்றைப் பெயர்த்தாள். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

தகரத்தைச் சேற்றில் தள்ளி அதன்மேல் குப்புறப் படுத்தாள். பலகையை முன்னே போட்டு ஊர்ந்தாள். பின்னால் கிடப்பதை இழுத்து முன்னால் போட்டு மறுபடி ஊர்ந்தாள். சேறு வாயில், மூக்கில், காதில். "கடவுளே, கடவுளே" என்று சொல்வதற்குப் பதிலாக அவள் வாயில் வந்ததெல்லாம் நாத்தனாரைத் திட்டும் வசவுதான். "எழுத்தாம் எழுத்து! படிக்கிற காலத்துல ஒழுங்காப் படிக்கத் துப்பில்லை, இப்ப கொக்கு காலுல இருக்கிறதைப் படிக்கணுமாம்!"

"கொக்கு இல்ல அண்ணி, உள்ளான்" என்றாள் சின்னவள்.

"வாயை உடைச்சிடுவேன்."

அண்ணி போய்ச் சேர்ந்தபோது சின்னவள் இடுப்பளவு சேற்றில் இருந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணியின் கை ரத்தம், சின்னவளின் கை ஐஸ். இழுத்துப் பார்த்தாள். பலகைதான் கீழே அமுங்கியது. பிளாஸ்க் மூடியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். அதை வைத்துச் சின்னவளின் இடுப்பைச் சுற்றித் தோண்டினாள். ஒரு மூடி சேற்றை எடுத்தால் இரண்டு மூடி உள்ளே சரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சின்னவளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. ஓதத்தோடு பறவைகளும் பின்வாங்கிக் கிட்டே வந்துவிட்டன. எத்தனையோ மாதம் தவமிருந்தும் கிடைக்காத காட்சி. உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக, ஆள் இருப்பதையே சட்டை செய்யாமல், கையெட்டும் தூரத்தில் அலகைக் குத்திக் குத்தி மேய்ந்தன. கொடி கட்டியதும் அதில் இருந்தது.

"அண்ணி... எழுத்து தெரியுது."

"தெரிஞ்சு என்னடி பண்ணப் போற?"

"ஒண்ணுமில்ல. தெரியுதுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு சின்னவள் முதல்முறையாக அழுதாள்.

அப்போதுதான் அண்ணி அதைப் பார்த்தாள். சின்னவளின் முதுகுக்குப் பின்னால், அகன்ற தண்ணீருக்கு அப்பால், எதிர்க்கரையில் சிவப்பு வண்டி ஒன்று வந்து நின்றது. தார்ரோடு இருப்பது அந்தக் கரைக்குத்தான். ஹெல்மெட் போட்ட ஆட்கள் இறங்கி இங்கே கையை நீட்டுவதும் கத்துவதும் எறும்பு மாதிரி தெரிந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தேவிட்டது, ஆனால் நடுவில் ஒரு ஆறு.

அண்ணி பார்வையைச் சின்னவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன அண்ணி? யாராவது வர்றாங்களா?"

"வந்துட்டாங்க. இறங்கிட்டாங்க. இதோ."

"நிஜமா?"

"நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?"

"காலையிலதானே. அண்ணன்கிட்ட."

அண்ணி போனைத் தேடினாள். நெஞ்சில் செருகியிருந்த போன் எப்போதோ நனைந்து செத்துப்போயிருந்தது. தண்ணீர் சின்னவளின் மார்புக்கு வந்தது. அண்ணியின் பலகைகள் மிதக்கலாயின. இப்போது அவள் பலகைமேல் மண்டியிட்டுப் பாதி மூழ்கியபடி சின்னவளின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சேற்றை இளக்கத்தான் செய்தது. "பின்னாடி சாய்டி. படுக்கிற மாதிரி சாய். காலைச் சின்னச் சின்னதா ஆட்டு." சாய்ந்தால் காதுக்குள் தண்ணீர் போயிற்று. சின்னவள் பயந்து நிமிர்ந்தாள். அண்ணி மறுபடி சாய்த்தாள். அவள் மறுபடி நிமிர்ந்தாள். கடைசியில் அண்ணி அவள் தலையைத் தன் தோள்மேல் வைத்து, குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவது மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் ஆட்டி ஆட்டி வலது கால் ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. இருவரும் கத்தினார்கள். இடது கால் அசையவில்லை.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"அண்ணி, நீங்க போங்க."

"சும்மா இரு."

"உங்க பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்துடுவா. நீங்க போயிடுங்க. ரெண்டு பேரும் போனா அண்ணன் தாங்கமாட்டான்."

"வாயை மூடுடி. தண்ணி உள்ள போகும்."

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். அலை ஒன்று முகத்தின்மேல் வந்து போயிற்று. அண்ணி அவள் தாடையை மேலே தூக்கிப் பிடித்தாள். அடுத்த அலைக்கு அவள் மூக்கைத் தன் விரலால் மூடினாள், அலை போனதும் திறந்தாள். மூடினாள், திறந்தாள். உலகத்தில் அதைத் தவிர வேறு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில், இவள் போய்விட்டால் நானும் கையை விட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெளிவாகத் தோன்றியது. பெற்ற மகளின் முகம்கூட நினைவில் வரவில்லை. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

ரப்பர் படகின் சத்தம் கேட்டபோது அதை அவள் நம்பவில்லை. எதிர்க்கரையிலிருந்து நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர் மூச்சடக்கி மூழ்கிச் சேற்றைக் கையால் பறித்தார். இன்னொருவர் சின்னவளின் இடுப்பில் பட்டையைக் கட்டினார். "வலிக்கும்மா, பொறுத்துக்கோ" என்றார். இழுத்தார்கள். முழங்காலில் என்னவோ முறிகிற சத்தம் தண்ணீருக்கு மேலேயும் கேட்டது. கால் வந்தது. அதற்குள் அவள் நினைவு போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் டிரைவர் யூனிபார்மோடு ஓடிவந்தான். தங்கை கண்மூடிக் கிடந்தாள். மனைவி கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், காது மடலில் இன்னும் சேறு. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வாய் கோணியது.

"பேப்பர் பண்டல் வாங்கியாச்சா?" என்றான்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து நர்ஸ் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். முழங்காலில் அறுவை செய்தார்கள். ஆனால் இடது பாதம் தூக்க வரவில்லை, நரம்பு செத்துவிட்டது என்றார்கள். பல் டாக்டர் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் பார்க்க வந்து, தயங்கித் தயங்கி, கொடியில் என்ன எழுத்து என்று கேட்டார். அவளுக்கு ஒரு எழுத்துகூட நினைவில் இல்லை. யோசித்து யோசித்துக் களைத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு உள்ளங்கை ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. குளியலறையில் வாளி நிறையும் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி எழுந்து ஓடிக் குழாயை மூடுவாள். மகள் தலைக்குக் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, "பேசிக்கிட்டே குளி" என்பாள். பைனாகுலர் இரண்டையும் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறாங்களாம். நானும் போறேன்."

தட்டை நகர்த்திவிட்டு அண்ணி எழுந்துவிட்டாள். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஒரு கால் போனது போதாதா?"

"அதுக்காக இங்கேயே உக்காந்திருக்கச் சொல்றீங்களா? வந்த புதுசுல இருந்த மாதிரி?"

"நான் வரமாட்டேன். என்னால முடியாது. சொல்லிட்டேன்."

"உங்களை யாரு கூப்பிட்டா?"

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் ஆச்சரியமாக எந்தப் பக்கமும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவனே பரணில் ஏறிப் பைனாகுலரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். ஊன்றுகோலோடு தங்கையை வண்டியில் ஏற்றிக் குழுவோடு விட்டுவிட்டு வந்தான். அண்ணி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அன்றைக்குக் கடையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தாள். ஷட்டரைத் தூக்கியதும் போனை எடுத்தாள்.

"எங்க நிக்கிற?"

"ஏரிக்கரைமேல."

"என்ன தரை?"

"சிமெண்ட் அண்ணி. நடைபாதை போட்டிருக்காங்க."

"கோலால தட்டிக் காட்டு."

"என்னது?"

"தட்டு. சத்தம் கேக்கணும்."

டக், டக் என்று கேட்டது. அண்ணி போனை வைத்தாள். அடையாள அட்டையை நகலெடுக்க வந்தவருக்கு ஒரே பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தாள். மறுபடி அழைத்தாள். டக், டக். சின்னவள் சிரித்தாள், பக்கத்தில் யாரோ கேலி செய்ததும் கேட்டது. அதற்கப்புறம் அழைத்தபோது எடுக்கவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷினின் மூடியைத் திறந்தபடியே விட்டிருந்தாள், வெளிச்சக் கோடு தாளில்லாத கண்ணாடியின்மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வந்தது. "அம்மா, என் காப்பி?" என்றார் அடுத்து வந்த வாடிக்கையாளர். அவளுக்குக் கேட்கவில்லை. விரல் தானாக எழுந்து மூக்கருகே போய், எதையோ மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி.

"அண்ணி! டெலஸ்கோப்புல கண்ணை வச்சிருந்தேன், கேக்கல."

அண்ணி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"தட்டு" என்றாள்.

டக்.

"இன்னொரு தடவை."